நர்ஸ் வருவதற்கு முன் கடையைத் திறக்கலாமா?

கேள்வி:

டாக்டர் அம்மா, எனக்கு 36 வயது. சொந்த ஊர் கொல்லிமலை. மிளகு பறிக்கும்போது சில்வர் ஓக் மரத்தில் சாத்தியிருந்த மூங்கில் ஏணி சறுக்கிக் கீழே விழுந்தேன். முதுகெலும்பு உடைந்து தண்டுவடத்தில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. சீட்டில் டி12 என்று எழுதியிருக்கிறார்கள். கை இரண்டும் நன்றாக இருக்கின்றன. மலையில் நர்ஸ் வந்து போவது சிரமம் என்பதால் அம்மாவும் நானும் சேந்தமங்கலத்தில் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டோம். மாமா நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்கிறார்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் நர்ஸும் பிசியோதெரபிஸ்ட்டும் அவ்வப்போது வருகிறார்கள். அது போக, காசு கொடுத்து ஒரு நர்ஸ் அம்மாவை வைத்திருக்கிறோம். மூத்திரக் குழாய் மாற்றுவது, வயிறு கழிய வைப்பது, புட்டத்தில் இருக்கும் புண்ணுக்குக் கட்டுப் போடுவது எல்லாம் அவர்தான். நாலு வீடு பார்த்துவிட்டு வருகிறவர். ஒரு நாள் எட்டு மணிக்கு வருவார், ஒரு நாள் பதினொன்று ஆகிவிடும். அதுவரை படுத்தே கிடப்பேன்.

மலையிலிருந்து மிளகு வாங்கி, தரம் பிரித்து, பாக்கெட் போட்டு விற்கலாம் என்று நினைக்கிறேன். மிளகைக் கையில் அள்ளினாலே எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுவேன். ஆனால் உட்கார்ந்தால் புண் பெரிதாகும், வேலையெல்லாம் வேண்டாம் என்று வீட்டில் தடுக்கிறார்கள்.

இன்னொன்று. அம்மா இதைச் சாமிக் குத்தம் என்கிறார். புரட்டாசி சனிக்கிழமைகளில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருக்கச் சொல்கிறார். முன்பெல்லாம் புரட்டாசியில் நைனாமலை ஏறுவேன். இப்போது மூத்திரப் பையோடு கோயிலுக்குள் போகலாமா என்று தெரியாததால் எங்கேயும் போவதில்லை. நான் என்ன செய்யட்டும்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சேந்தமங்கலம்

பதில்:

தம்பி, மிளகு வியாபாரத்தைத் தொடங்குங்கள். நர்ஸ் வருகிற நேரத்தைச் சுற்றி உங்கள் பொழுது ஓடுகிறது. அதை மாற்றி, உங்கள் வேலை நேரத்தைச் சுற்றி மருத்துவக் கவனிப்பை அமைத்துக்கொள்ள வேண்டும். டி12-இல் அடிபட்டு, கைகள் முழு பலத்தோடு இருக்கிறவருக்கு இது நடக்கக்கூடிய காரியம்.

முதலில் புண். வீட்டில் பயப்படுவது நியாயம். உணர்வில்லாத இடத்தில் தோல் நசுங்கினால் உங்களுக்குத் தெரியாது. எலும்புக்கும் நாற்காலிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட சதைக்கு ரத்தம் போகாமல் அது உள்ளேயே சாகும், வெளியே சிவப்பாகத் தெரியும்போது காரியம் பாதி கெட்டிருக்கும். புண் எந்த இடத்தில் என்று நீங்கள் சரியாக எழுதவில்லை. உட்காரும் எலும்பின் மேல் இருந்தால், அது முழுக்க மூடும்வரை உட்கார்ந்து செய்கிற வேலை கூடாது. இதில் நான் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் உட்காரக் கூடாது என்றால் வேலையே கூடாது என்று யார் சொன்னது? குப்புறப் படுத்து வேலை செய்யுங்கள். தண்டுவட மறுவாழ்வு மையங்களில் இதற்கென்றே சக்கரம் வைத்த நீளமான தள்ளுவண்டி இருக்கும். புட்டத்தில் புண் உள்ளவர்கள் அதில் குப்புறப் படுத்து, கையால் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வளாகம் முழுக்கச் சுற்றுவார்கள், சாப்பிடுவார்கள், எழுதுவார்கள். வீட்டில் கட்டிலே போதும். நெஞ்சுக்கடியில் ஒரு தலையணை, தொடைக்கு ஒன்று, கால் விரல்கள் மெத்தையில் அழுந்தாதபடி முழங்காலுக்குக் கீழே ஒன்று. கட்டில் தலைமாட்டில் கொஞ்சம் தாழ்வாக ஒரு பெஞ்சைப் போட்டு, அதில் முறத்தையும் சல்லடையையும் வையுங்கள். மிளகு பொறுக்க அது தாராளம். முதல் நாள் அரை மணி நேரம் மட்டும். எழுந்ததும் முழங்காலையும் இடுப்பு எலும்பு முனைகளையும் அக்காவைப் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பு இல்லையென்றால் நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டலாம்.

புண் ஆறிய பிறகு உட்காரலாம். அப்போதும் கால் மணிக்கு ஒருமுறை கைகளை ஊன்றி உடம்பைத் தூக்குங்கள், அல்லது முன்னால் நன்றாகக் குனிந்து ஒன்றிரண்டு நிமிடம் அப்படியே இருங்கள். போனில் மணி அடிக்க வைத்துக்கொள்ளலாம். காலையும் இரவும் கண்ணாடி பிடித்துப் பின்புறத்தை நீங்களே பாருங்கள். படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரள்வதைத் தண்ணீர்ப் படுக்கை வாங்கிவிட்டோம் என்பதற்காக விட்டுவிடாதீர்கள்.

அடுத்து, காலைப் பொழுதை எப்படி மீட்பது என்று பார்ப்போம். நிரந்தரமாகக் குழாய் வைத்துக்கொள்வது உங்களுக்கு அவசியம்தானா என்று நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டிக் கேளுங்கள். சிறுநீரகத்துக்கும் மூத்திரப் பைக்கும் ஸ்கேன் எடுத்துப் பார்த்துச் சரி என்றால், நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய குழாயை நீங்களே விட்டு, மூத்திரம் வடிந்ததும் எடுத்துவிடும் முறைக்கு மாறலாம். சோப்பு போட்டுக் கழுவிய கை, சுத்தமான குழாய், வழவழப்புக்கு ஜெல்லி, அவ்வளவுதான். ஒரு தடவைக்கு 400 மில்லியைத் தாண்டாதபடி நேரத்தை அமைத்துக்கொள்ள வேண்டும். உள்ளேயே கிடக்கிற குழாயைவிட இதில் தொற்றும் கல்லும் குறைவு. கற்றுக்கொள்ளும் முதல் வாரம் கூச்சமாகவும் எரிச்சலாகவும் இருக்கும். உங்கள் நர்ஸ் அம்மாவிடம், “எனக்குச் செய்துவிடுங்கள்” என்பதற்குப் பதிலாக, “எனக்குச் சொல்லிக் கொடுங்கள்” என்று கேளுங்கள். நல்ல நர்ஸ் அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார்.

வயிறு கழிவதை ராத்திரிக்கு மாற்றிவிடலாம். பலருக்கு இது தெரிவதில்லை, காலையில்தான் ஆகவேண்டும் என்று நினைக்கிறார்கள். சூடாகச் சாப்பிட்டு அரை மணி கழித்து, மெத்தை வைத்த கமோடு நாற்காலியில், கையுறை போட்டு, ஜெல்லி தடவிய விரலால் சுத்தம் செய்வது. தினமும் ஒரே நேரம். சில வாரங்களில் குடல் அந்த நேரத்துக்குப் பழகிவிடும். நாற்காலியில் அரை மணிக்கு மேல் உட்கார வேண்டாம், ஓட்டை வைத்த இருக்கை தோலை இழுத்துப் புண்ணாக்கும்.

இந்த இரண்டும் கைவந்துவிட்டால் நர்ஸ் அம்மாவுக்கு மிஞ்சுவது புண்ணுக்குக் கட்டும் மேற்பார்வையும்தான். காலையில் அவருக்காக முழுப் படுக்கையாகக் கிடக்கிற மற்ற வீட்டுக்காரர்கள் காத்திருப்பார்கள். மதியம் இரண்டு மணியை யாரும் கேட்க மாட்டார்கள். அதை நீங்கள் கேளுங்கள். அவருக்கும் ஓடிவர வேண்டிய அவசரம் இருக்காது, உங்களுக்கும் மணி தப்பாது. செலவும் இறங்கும். மக்களைத் தேடி மருத்துவத்தில் வருகிறவர்களிடமும், “எப்போது வருவீர்கள்?” என்று கேட்டு நாட்காட்டியில் குறியுங்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் வலி நிவாரணச் சிகிச்சையும் பிசியோதெரபியும் அடக்கம். அதைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

இப்போது மிளகு. பறிக்கிறவனுக்கு உள்ள கண் வியாபாரிக்கு வாய்ப்பது அரிது, அது உங்களிடம் இருக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை. அந்த மூன்று மாதத்துக்குள் வாங்கி, ஆண்டு முழுக்க விற்கிற சரக்கு. பச்சை மிளகை வாங்கிக் காயப்போடும் வேலையில் இறங்காதீர்கள். மூன்று கிலோ பச்சைக்கு ஒரு கிலோதான் தேறும், மொட்டை மாடிக்கும் முற்றத்துக்கும் அலைய ஆள் வேண்டும். காய்ந்த மிளகாகவே வாங்கி, ஈரம் பார்த்து, லிட்டர் எடை போட்டு, பொக்கும் காம்பும் பொறுக்கி, கெட்டி மிளகைத் தனியாகப் பிரியுங்கள். லாபம் அந்தப் பிரிப்பில்தான் இருக்கிறது. சாமை, தினை குத்துகிற வேலைக்கு ஆசைப்பட வேண்டாம், அதில் தூக்குவதும் சுமப்பதும் அதிகம்.

மூட்டையைப் பத்துப் பத்துக் கிலோவாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். நீங்கள் இனி நாற்காலியில் ஏறுவதும் இறங்குவதும் தோள்பட்டையை நம்பித்தான். ஐம்பது கிலோவை இழுத்து அதைத் தேய்த்துவிட்டால் மாற்றுத் தோள் கிடையாது. பாக்கெட் ஒட்டும் மின்சார சீலரை மடியில் வைக்கவே கூடாது. தொடை வெந்தாலும் உங்களுக்குத் தெரியாது. சூடான டீ டம்ளர், லேப்டாப், வறுத்த மிளகுத் தட்டு எல்லாவற்றுக்கும் இதே கண்டிப்புதான். தொடை வெந்து கொப்புளம் போட்ட பிறகே கவனித்தவர்களுக்கு நான் நிறைய வைத்தியம் பார்த்திருக்கிறேன்.

பணத்துக்கு: மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் தனித்துவ அடையாள எண்ணும் இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள். நாமக்கல் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு மனுக் கொடுங்கள். கூடவே, உதவியாளருக்கான தனித் தொகை பற்றியும் கேளுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 38-ஆவது பிரிவு, அதிக உதவி தேவைப்படுகிறவர் அதைக் கேட்டு விண்ணப்பிக்க வழி செய்கிறது. தொழில் கடனுக்கு முத்ராவில் ‘சிசு’ பிரிவு 50,000 ரூபாய் வரை ஜாமீன் இல்லாதது, உங்களுக்கு அதுவே போதும். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் மாற்றுத்திறனாளிக்குக் கிராமப்புறத்தில் 35 சதவீதமும் நகர்ப்புறத்தில் 25 சதவீதமும் மானியம் உண்டு. ஆனால் முதல் வருஷமே பெரிய கடன் எடுக்காதீர்கள். இன்னொரு முறை புண் வந்து ஆறு வாரம் படுத்தாலும் தவணை கட்டக்கூடிய அளவு மட்டும் வாங்குங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையில் அடிப்படைப் பதிவு எண் வாங்காமல் ஒரு பாக்கெட்கூட வெளியே போக வேண்டாம்.

உங்களுக்கு முன்னால் இந்த வழியில் போனவர்களைச் சொல்கிறேன். வேலூர் சி.எம்.சி. மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் நடந்த கார் விபத்தில் கால்கள் செயலிழந்தவர். அதன்பின் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். உட்கார்ந்து செய்யக்கூடிய அறுவை எது என்று பார்த்துத் தேர்ந்தெடுத்த வேலை அது. 1966-இல் பாகாயத்தில் தொடங்கிய மறுவாழ்வு மையத்தை நடத்தியவரும் அவரே. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன், 1975-இல் கடற்படைத் தேர்வில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தனக்கு வைத்தியம் பார்த்த மருத்துவரின் பெயரையே அதற்கு வைத்தார். அவரோடு சேர்ந்த எஸ். சங்கரராமன், தசைச் சிதைவு நோயோடு ஆடிட்டர் தொழில் பார்த்தவர். இவர்கள் எல்லோருக்கும் தினமும் இன்னொருவர் கை தேவைப்பட்டது. அந்த உதவியை வாங்கிக்கொண்டுதான் அவ்வளவும் செய்தார்கள்.

சாமி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் விழுந்தது ஏணி சறுக்கியதால். உங்கள் ஊரில் மிளகு பறிக்கையிலும், கீழ்நாட்டில் தேங்காய் பறிக்கையிலும் விழுந்து முதுகொடிந்து வருகிறவர்களை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். பக்தியில் குறை வைத்த யாரையும் அவர்களில் நான் கண்டதில்லை. அம்மாவிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள், ஆனால் சண்டை போடாதீர்கள். மகன் படுத்ததற்கு ஒரு காரணம் கிடைத்தால் ஒரு பரிகாரமும் கிடைக்கும் என்று அந்த மனசு தவிக்கிறது.

விரதம் இருங்கள், தண்ணீரை மட்டும் நிறுத்தாதீர்கள். உங்களுக்குத் தினம் இரண்டு லிட்டர் வேண்டும். மூத்திரம் கெட்டியானால் காய்ச்சலில் கொண்டுபோய் விடும். ஒருவேளை சாப்பாட்டை விடலாம், மாத்திரையை விடக்கூடாது, புண் ஆறும்வரை பருப்பும் முட்டையும் குறையக்கூடாது. அம்மாவுக்கு முட்டை சங்கடமென்றால் சனிக்கிழமை மட்டும் தயிரும் சுண்டலும் சேர்த்துக்கொள்ளுங்கள். திருநீற்றை நெற்றியில் பூசுங்கள், புண்ணில் ஒருபோதும் போடாதீர்கள். மஞ்சள், பச்சிலை எதுவும் அங்கே வேண்டாம்.

மூத்திரப் பையோடு கோயிலுக்குப் போகலாமா என்றால், தாராளமாகப் போகலாம். எல்லோருடைய வயிற்றுக்குள்ளும் இருக்கிற பைதான், உங்களுக்கு வெளியே இருக்கிறது. கிளம்பும் முன் காலி செய்து, தொடையில் கட்டி, வேட்டியால் மூடினால் பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது. யாராவது முகம் சுளித்தால் அவர்களுக்காக நீங்கள் சாமியை விட வேண்டியதில்லை.

நைனாமலைக்கு உங்களைத் தூக்கிக்கொண்டு ஏற யாரையும் விடாதீர்கள். அந்தச் செங்குத்துப் படிகளில் தூக்குகிறவர்கள் பிடிக்கிற பிடியிலும் இழுப்பிலும் தோல் கிழியும், யாராவது சறுக்கினால் அவர்களுக்கும் ஆபத்து. அடிவாரத்திலிருந்து கும்பிடுங்கள். ஆனால் கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு ரோடு போகிறது. புண் ஆறியதும் போய்வாருங்கள். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். இடுப்பு, தொடைத் தசைகளுக்குப் பிடிப்பு இல்லாததால் ஒவ்வொரு திருப்பத்திலும் உடம்பு சாயும், கூடவே புட்டத் தோல் உரசும். முன் சீட்டில் உட்காருங்கள், பெல்ட்டோடு நெஞ்சைச் சுற்றி ஒரு அகலத் துணியையும் கட்டுங்கள், அடியில் ஜெல் குஷன் போடுங்கள். நடுவில் மூன்று நான்கு இடத்தில் வண்டியை நிறுத்தி உடம்பைத் தூக்கிக்கொள்ளுங்கள். அப்படியே மிளகு கொடுக்கிற சொந்தக்காரர்களையும் பார்த்து, அடுத்த அறுவடைக்குப் பேசிவிட்டு வரலாம்.

கடைசியாக ஒரு கணக்கு. பாக்கெட்டுக்கு விலை வைக்கும்போது மிளகு, பை, பஸ் பார்சல் கூலி என்று மட்டும் போடாதீர்கள். குழாய், கையுறை, காஸ் துணி, நர்ஸ் அம்மாவின் சம்பளம் எல்லாம் உங்கள் தொழில் செலவுதான். அவை இல்லாமல் நீங்கள் சல்லடையைத் தொட முடியாது. அக்கா முறம் எடுத்துக் கொடுக்கிறார், பின்புறம் பார்க்கிறார், மூட்டையை நகர்த்துகிறார். அவருக்கும் கூலி எழுதுங்கள். ஆரம்பத்தில் அந்தத் தொகையைக் கொடுக்க முடியாமல் போகலாம், அப்போது பாக்கி என்று நோட்டில் நிற்கட்டும். அடுத்த அறுவடைக்கு முன்னால் அந்தப் பாக்கியைத் தீர்த்துவிட்டு, பிறகு புதுச் சரக்குக்குப் பணம் போடுங்கள்.