ரசீதோடு நின்றுவிடக் கூடாது

சிறிய தொண்டு நிறுவனங்களுக்கு மார்க்கெட்டிங் சொல்லித்தரப் போனால், முதல் கேள்வி பெரும்பாலும் இன்ஸ்டாகிராமைப் பற்றியோ நோட்டீஸ் வடிவமைப்பைப் பற்றியோதான் வரும். நான் முதலில் எடுக்கச் சொல்வது ரசீதுப் புத்தகத்தை. போன வருடம் கொடுத்தவர்களின் பெயர்களை ஒரு எக்செல் தாளில் ஏற்றி, இந்த வருடமும் கொடுத்தவர்களுக்கு எதிரே ஒரு குறி போட்டால் நிலைமை விளங்கிவிடும். அமெரிக்காவில் இந்தக் கணக்கை வருடந்தோறும் எடுக்கிறார்கள். அங்கே ஒரு வருடம் கொடுத்தவர்களில் பாதிப்பேருக்கும் மேல் மறுவருடம் அதே அமைப்புக்குக் கொடுப்பதில்லை; முதன்முறை கொடுத்தவர்கள் இன்னும் அதிகமாக விலகிவிடுகிறார்கள். இருக்கிறவர்களை இப்படி விட்டுவிட்டுப் புதியவர்களுக்காகப் போஸ்டர் அடிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை. ஆளும் நேரமும் குறைந்த அமைப்பு, ஏற்கெனவே தன்னை நம்பிப் பணம் கொடுத்தவரிடம்தான் முதலில் பேச வேண்டும்.

எல்லாருக்கும் நன்றி சொல்கிறோமே, அது போதாதா என்பார்கள். போதாது என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது. அமெரிக்காவில் சுமார் 5 லட்சம் நன்கொடையாளர்களை வைத்து நடத்தி 2023இல் வெளியான ஆய்வில், நன்றி சொல்லி வந்த தொலைபேசி அழைப்பால் அடுத்தடுத்த நன்கொடை கூடவே இல்லை. என் வாதத்தையே இது அசைக்கிறதோ என்று தோன்றலாம். ஆனால் அந்த அழைப்புகள் பணம் கொடுத்துப் பல மாதங்கள் கழித்து, எழுதிக்கொடுத்ததைப் படித்துச் சொன்னவை. ‘தங்கள் மேலான ஆதரவுக்கு மனமார்ந்த நன்றி’ என்ற வரியும் அதே ரகம்தான், யாருக்கும் அனுப்பலாம். ‘நீங்கள் ஜூனில் கொடுத்த 1,500 ரூபாயையும் சேர்த்து மாலை வகுப்புக்கு இரண்டு பெஞ்சு வாங்கினோம், மழை நாளில் பிள்ளைகள் இனி ஈரத்தரையில் உட்கார வேண்டாம்’ என்பது கணக்குச் சொல்வது. அதே செய்தியில் மறுபடியும் பணம் கேட்கக் கூடாது. வரிச்சலுகைக்கான நன்கொடைச் சான்றிதழை எப்படியும் அனுப்பியாக வேண்டும். கூடவே இப்படி இரண்டு வரி போனால் தனிச் செலவு கிடையாது. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்டில் அனுப்புவதானால், நம் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். ரசீது கொடுக்கும்போதே எண்ணைச் சேமித்துக்கொள்ளச் சொல்லிவிட வேண்டும்.

வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது, நாமே பறையடிக்கலாமா என்ற தயக்கம் உண்மையானது. நல்ல மனிதர்களிடம்தான் அதை அதிகம் பார்க்கிறேன். அந்த அடக்கம் கொடுக்கிறவருக்கு உரியது. ஊரார் பணத்தை வாங்கிச் செலவழிக்கிறவருக்குக் கணக்குச் சொல்லும் கடமைதான் இருக்கிறது. இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. புள்ளிவிவரத்தைவிட ஒரே ஒரு குழந்தையின் கதைக்கே மக்கள் கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்று டெபோரா ஸ்மால், லோவென்ஸ்டீன், ஸ்லோவிக் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அதைப் பிடித்துக்கொண்டு அழுகிற பிள்ளையின் படத்தைப் போட்டுவிடுவார்களே என்ற பயம் நியாயமானது. நான் வைக்கும் சோதனை ஒன்றுதான்: அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் செய்தியை முழுக்க வாசித்துக்காட்ட முடியுமா? அவர் முகம் சுளிக்கும் வரியை எடுத்துவிடுங்கள். வேண்டாம் என்றால் படமே வேண்டாம், பெஞ்சின் படம் போதும்.