ஒரு சொட்டு எண்ணெய்

"அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு" என்பது நாம் சிறு வயது முதல் கேட்டுவரும் பழமொழி. அதன் பொருளைச் சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் எனக்குக் கற்றுத் தந்தது ஒரு சின்னஞ்சிறு பித்தளை இரயில் எஞ்சின். அன்புத் தோழியரே, அப்பாடத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எஞ்சின் வந்த கதை

என் தாத்தா கப்பலில் எஞ்சின் அறையில் பணியாற்றியவர். 1974-ஆம் ஆண்டு அவருடைய கப்பல் யோகோஹாமா துறைமுகத்தில் நின்றபோது இந்த எஞ்சினை வாங்கினார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானியக் கைவினைஞர்கள் இத்தகைய பித்தளை மாதிரிகளைச் செய்வதில் சிறந்து விளங்கினர். தோக்கியோவில் கின்சா பகுதியிலுள்ள தென்ஷோதோ என்னும் கடிகார, நகை நிறுவனம் இவற்றிற்குப் பெயர் பெற்றது. அமெரிக்காவில் பசிபிக் ஃபாஸ்ட் மெயில் என்ற நிறுவனம் இவற்றை இறக்குமதி செய்து விற்றது.

எங்களிடம் இருப்பது 'மிக்காடோ' வகை நீராவி எஞ்சினின் மாதிரி. முன்னே இரண்டு, நடுவே எட்டு, பின்னே இரண்டு எனச் சக்கரங்கள் அமைந்த வகை இது. 1897-இல் அமெரிக்காவின் பால்டுவின் தொழிற்சாலை ஜப்பானுக்கு இத்தகைய எஞ்சின்களைச் செய்து அனுப்பியதால், ஜப்பானியப் பேரரசரைக் குறிக்கும் அப்பெயர் நிலைத்தது. உண்மை எஞ்சினின் 87-இல் ஒரு பங்கே இதன் அளவு. தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். உள்ளே நீராவி இல்லை. 12 வோல்ட் நேர்த்திசை மின்னோட்டத்தில் இயங்கும் மோட்டாரே உண்டு.

நான் செய்த தவறு

பல ஆண்டுகள் அலமாரியில் உறங்கிய எஞ்சினை, தாத்தா பகலில் கண்ணயர்ந்திருந்த வேளையில் எடுத்துத் தண்டவாளத்தில் வைத்தேன். மோட்டார் முனகியது, சக்கரம் சுழலவில்லை. எண்ணெய் வற்றிவிட்டது போலும் என்று எண்ணி, சமையலறையிலிருந்து தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்து தாராளமாக ஊற்றினேன். மீண்டும் மின்சாரம் கொடுத்ததும் உள்ளே பொறி பறந்தது. கருகிய நாற்றம் வந்தது. முனகலும் நின்றுபோயிற்று.

அழுதுகொண்டே தாத்தாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. எஞ்சினைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்தார். "எண்ணெய் இல்லாததால் இது நிற்கவில்லை அம்மா, பழைய எண்ணெயால்தான் நின்றது. என் கை நடுங்குகிறது. நான் சொல்கிறேன், நீ செய்" என்றார்.

முதலில் துப்புரவு

பழைய கிரீஸ் நாளடைவில் இறுகி மெழுகுபோல் ஆகிவிடும். அதன்மேல் புது எண்ணெய் விடுவது அழுக்குத் துணியின்மேல் புதுத்துணி உடுத்துவதற்கு ஒப்பாகும். ஆகவே மின் இணைப்பை நீக்கி, சுருட்டிய துண்டின்மேல் எஞ்சினைத் தலைகீழாகக் கிடத்தினோம். கழற்றிய திருகாணிகளை இட்டிலித் தட்டின் குழிகளில் வரிசையாக இட்டுவைத்தேன். எது எங்கிருந்து வந்தது என்ற குழப்பமே எழவில்லை.

பற்சக்கரப் பெட்டியில் இறுகியிருந்த கிரீஸைப் பல்குத்தும் குச்சியால் சுரண்டி எடுத்தேன். உலோகம் உலோகத்தைக் கீறும், மரம் கீறாது. சக்கரங்களை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த துணியால் துடைத்தேன். அது எளிதில் தீப்பற்றும்; ஆகவே சன்னலைத் திறந்துவைத்து, அடுப்புக்குத் தொலைவில் செய்ய வேண்டும். வண்ணம் பூசிய பகுதிகளில் அது படவும் கூடாது.

எண்ணெய் இடும் முறை

தாவர எண்ணெய்கள் காற்றுப் படப் படப் பிசின்போல் ஆகிவிடும். தேங்காய் எண்ணெயோ குளிரில் உறைந்தே விடும். தையல் இயந்திரத்திற்கு இடும் மெல்லிய கனிம எண்ணெயே உலோக அச்சுகளுக்கு ஏற்றது. நெகிழிப் பாகம் உள்ள எஞ்சினாயின் நெகிழியைக் கெடுக்காத எண்ணெயை இட வேண்டும்.

ஊசி முனையை எண்ணெயில் தோய்த்து, அச்சு சுழலும் இடத்தில் தொட்டால் போதும்; எண்ணெய் தானே உள்ளே ஊர்ந்து செல்லும். சக்கரங்களை இணைக்கும் தண்டுகளின் மூட்டுகளுக்கும், மோட்டார்த் தண்டின் இரு முனைகளுக்கும் அவ்வாறே இட்டேன். பற்சக்கரங்களுக்கு மட்டும் கடுகளவு கிரீஸ். எண்ணெய் அங்கே நில்லாமல் வழிந்துவிடும்.

எண்ணெய் படக்கூடாத இடங்கள்

மோட்டாரினுள்ளே கார்பன் தூரிகைகள் உரசும் செம்பு வளையத்தை இயற்பியல் பாடத்தில் திசைமாற்றி என்று படிக்கிறோம். அங்கே எண்ணெய் பட்டால் கார்பன் தூளோடு கலந்து சேறாகி, பொறி பறக்கும். என் தேங்காய் எண்ணெய் செய்த வேலை அதுவே! அதைத் துடைத்தெடுக்க ஒரு மாலைப்பொழுது ஆயிற்று. காந்தத்தை மட்டும் கழற்ற விடாமல் தாத்தா தடுத்துவிட்டார். பழைய மோட்டார்களின் காந்தம் இரும்புச் சட்டத்தைப் பிரிந்தால் வலிமை குன்றுமாம்.

சக்கரங்களின் விளிம்பிலும் எண்ணெய் படலாகாது. ஒரு தண்டவாளத்தின் மின்சாரம் எஞ்சினின் சக்கரங்கள் வழியாகவும், மறு தண்டவாளத்தின் மின்சாரம் பின்னாலுள்ள கரிவண்டியின் சக்கரங்கள் வழியாகவும் ஏறுகிறது. எண்ணெய்ப் படலம் அதைத் தடுக்கும். மோட்டாரையும் பற்சக்கரப் பெட்டியையும் இணைக்கும் சிறு இரப்பர்க் குழாயும் எண்ணெய் பட்டால் ஊதிக் கெட்டுவிடும்.

"புளியிட்டுத் தேய்த்தால் குத்துவிளக்குப்போல் மின்னுமே!" என்றேன். தாத்தா சிரித்தார். பித்தளையின்மேல் மெல்லிய மெருகுப் பூச்சு உண்டு. புளியும் பொடியும் அதை அழித்துவிடும். எங்கள் ஊரின் உப்புக் காற்றிலிருந்து பித்தளையைக் காப்பது அப்பூச்சுதான். மென்மையான தூரிகையால் தூசி தட்டி, உலர்ந்த இடத்தில் வைத்தால் போதும்.

முடிவுரை

மூன்றாம் நாள் மாலை குறைந்த மின்னழுத்தத்தில் எஞ்சினை ஓட்டினோம். முதலில் தயங்கியது, பிறகு மெல்ல நகர்ந்தது. முன்னும் பின்னுமாகப் பத்து நிமிடம் ஓடவிட்டு, கசிந்த எண்ணெயைத் துடைத்தேன். தாத்தா கண்களை மூடி, காதைத் தாழ்த்தி, அதன் ஓசையைக் கேட்டுக்கொண்டே இருந்தார். பின்னர் எண்ணெய்க் குப்பியை என் கையில் கொடுத்து, "இனி இது உன்னிடமே இருக்கட்டும்" என்றார்.

தோழியரே! உங்கள் வீட்டிலும் ஒரு பழைய தையல் இயந்திரமோ கடிகாரமோ நின்றுபோய்க் கிடக்கலாம். அவசரப்பட்டு எண்ணெயை ஊற்றாதீர்கள். முதலில் பழைய அழுக்கை அகற்றுங்கள். எங்கே தேவை என்று அறிந்தவரிடம் கேளுங்கள். பிறகு ஒரே ஒரு சொட்டு இடுங்கள். தவறு நேர்ந்துவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நான் அன்று மறைத்திருந்தால், அந்த எஞ்சின் இன்றும் அலமாரியிலேயே கிடந்திருக்கும்.