வீசை கடல் கடந்தபோது

எட்டாம் வகுப்புக்கு விகிதக் கணக்கு நடத்தும்போது, வேப்பூர்ப் பிள்ளைகளிடம் நம் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டைத் துறைமுகத்திலிருந்து தொடங்குகிறேன். அங்கே கப்பலேறிய சரக்குக்குக் கிலோ கிடையாது. சென்னை வாய்ப்பாட்டைக் கரும்பலகையில் எழுதுவேன்: 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு, 20 மணங்கு ஒரு பாரம். ஆங்கிலேயர் கணக்கில் பாரம்தான் கண்டி. வீசை சுமார் 1.42 கிலோ என்று மட்டும் சொல்லிவிட்டால், பாரம் ஏறத்தாழ 227 கிலோ என்று அவர்களே பெருக்கிச் சொல்வார்கள்.

பெயர் பயணம் செய்தது. எடை ஊருக்கு ஊர் மாறியது. பாரம் மலாக்காவில் 'பகார்' ஆயிற்று. துறைதோறும், சரக்குதோறும் அதன் அளவு வேறுபட்டதால், அந்தோனியோ நூனிஸ் என்ற போர்ச்சுக்கீசியர் 1554இல் எடைகளுக்கென்றே ஒரு நூல் எழுத வேண்டியிருந்தது. நம் வீசை பர்மாவில் ஆங்கிலேயர் நாவில் 'விஸ்'. அங்கே அது 1.63 கிலோ, மியான்மர்ச் சந்தைகளில் இன்றும் புழங்குகிறது.

இனிக் கணக்கு. சென்னையில் 100 வீசை சரக்கு ஏற்றிய வணிகருக்கு ரங்கூன் தராசு எவ்வளவு காட்டும்? சுமார் 87. உடனே, "13 வீசை திருட்டுப் போச்சு, சார்!" என்பார்கள். நான் மறுப்பதில்லை. இரண்டு துறையின் எடையையும் கிலோவாக்கச் சொல்வேன். இரண்டும் 142 என்றதும் வகுப்பு திருடனை விட்டுவிடும். எதிர்விகிதத்தை இதைவிட எளிதாக நான் நடத்தியதில்லை.

அடுத்த கேள்வியை வீட்டுக்கு அனுப்புகிறேன்: சென்னையில் வீசை 10 ரூபாய்க்கு வாங்கியவர், ரங்கூனில் முதல் தேற ஒரு விஸ் என்ன விலைக்கு விற்க வேண்டும்?