எச்.ஐ.வி.யுடன் வாழும் இளைஞரும் நமது பஞ்சாயத்தும்

ஏற்காடு ஒண்டிக்கடையிலிருந்து சேலம் செல்லும் பஸ் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்குகிறது. காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் ஓர் இளைஞன் எச்.ஐ.வி. மருந்துக்காகக் கீழே சென்று வந்தால் அன்றைய கூலி போய்விடும். அதனினும் பெரிய அச்சம், “எதற்குத் தம்பி ஆஸ்பத்திரிக்குப் போகிறாய்?” என்று ஊரார் வினவுவதே.

நம் நாட்டில் இக்கிருமி முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் அதனை வெளிப்படுத்தினர். அந்நாளில் தக்க மருந்து இல்லை. 2004 முதல் அரசாங்கம் கூட்டு மருந்தை இலவசமாக வழங்கி வருகிறது. ஆதலால், தாயிடமிருந்து கிருமியைப் பெற்றுப் பிறந்த குழந்தைகள் பலர் இன்று வாலிபராகி, மணவாழ்வை விரும்புகின்றனர். இதில் வியப்பு யாது?

நாள்தோறும் மருந்துண்டு, பரிசோதனையில் தென்படாத அளவுக்கு ரத்தத்தில் கிருமி குறைந்து, அந்நிலை நீடிக்குமாயின், உடலுறவின் வழியே அது துணைவருக்குப் பரவுவதில்லை. பல நாட்டு ஆராய்ச்சிகள் இதனை நிலைநாட்டியுள்ளன. அந்நிலை உறுதிப்படும் வரையில் ஆணுறை இன்றியமையாதது. பின்னரும் மேகநோய்களைத் தடுக்க அதுவே துணை. சபையில் இச்சொல்லைக் கூற நாம் கூசுகிறோம். இளைஞர்களோ அரைகுறைச் செய்திகளை நம்பிக் கெடுகின்றனர்.

அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். 1097 என்ற எண்ணிலும் விவரம் கேட்கலாம். 2018-இல் அமலுக்கு வந்த சட்டம், நோயைக் காரணம் காட்டி வேலையிலும் பள்ளியிலும் ஒருவரை ஒதுக்குவதைத் தடை செய்கிறது. ஆகவே, யாருக்கு இந்நோய் உண்டென்று பஞ்சாயத்து அங்கத்தினர்கள் விசாரிக்கலாகாது. சுகாதார நிலையத்தில் ஆணுறைகள், எவரையும் கேளாமலே எடுத்துக்கொள்ளும்படி வைக்கப்பட்டுள்ளனவா என்று விசாரிக்கலாம்.