நம்பிக்கைகளும் உண்மைகளும்: வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பக் கட்டணமே இல்லையா?

மகளுக்கு இங்கிலாந்தில் முதுகலை, மகனுக்கு ஜெர்மனியில் பொறியியல். நிலத்தை விற்றோ, பி.எஃப். பணத்தை எடுத்தோ, நகையை அடகு வைத்தோ பெற்றோர் அந்தத் தொகையைச் சேர்த்துவிடுகிறார்கள். ஆனால் சேர்த்த பணத்தை அனுப்பும்போது பத்தாயிரம், பதினைந்தாயிரம் ரூபாய் வழியிலேயே கரைந்துபோவது பலருக்குத் தெரிவதில்லை. உறவினர் சொன்னது, வாட்ஸ்அப்பில் வந்தது, பக்கத்து வீட்டுப் பையன் செய்தது என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும் சில விஷயங்கள்தான் இதற்குக் காரணம்.

"அங்கே கட்டணமே இல்லை, இலவசமாக அனுப்புகிறார்கள்"

அதிகம் பணம் இழக்க வைப்பது இந்த நம்பிக்கைதான். வங்கிகள் தங்களுக்குள் டாலரை வாங்கி விற்க ஒரு சந்தை விலை உண்டு. கூகுளில் தேடினால் வருவது ஏறக்குறைய அந்த விலை. அந்த விலைக்கு நமக்குக் கிடைக்காது. வங்கியோ நிறுவனமோ அதன்மேல் கொஞ்சம் வைத்துத்தான் நமக்கு விற்கும். அந்தக் 'கொஞ்சம்' ரசீதில் கட்டணம் என்ற இடத்தில் வராது. மாற்று விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10,000 டாலர் அனுப்ப வேண்டும். சந்தை விலை 85 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் இடத்தில் கட்டணம் பூஜ்யம், ஆனால் டாலரை 86.50க்கு விற்கிறார்கள். இரண்டாவது இடத்தில் 1,500 ரூபாய் கட்டணம், டாலர் 85.40. முதல் இடத்தில் உங்கள் கணக்கிலிருந்து போவது 8,65,000 ரூபாய். இரண்டாவதில் கட்டணத்தையும் சேர்த்து 8,55,500. 'இலவசம்' என்ற இடத்தில் 9,500 ரூபாய் கூடுதலாகப் போயிருக்கிறது. கட்டணத்தை மட்டும் ஒப்பிட்டவர் 1,500 ரூபாய் மிச்சம் பிடித்ததாக நினைத்துக்கொண்டு வீடு திரும்புவார்.

"ஜி.எஸ்.டி. 18 சதவீதம் போட்டுத் தீட்டிவிடுகிறார்கள்" என்று சிலர் பயப்படுகிறார்கள். அந்த 18 சதவீதம் முழுத் தொகைக்கும் கிடையாது. முதல் 1 லட்சத்துக்கு 1 சதவீதம், அதற்கு மேல் 10 லட்சம் வரை அரை சதவீதம் என்று ஒரு மதிப்பைக் கணக்கிட்டு, அந்த மதிப்பின் மேல்தான் 18 சதவீதம் போடுகிறார்கள். மேலே சொன்ன 8.65 லட்சத்துக்கு ஏறக்குறைய 870 ரூபாய் வரும். பயப்பட வேண்டியது இந்த 870க்கு அல்ல, மாற்று விலையில் போன ஆயிரங்களுக்கு.

"போர்டில் போட்டிருப்பதுதான் விலை, பேரம் பேச முடியாது"

பேசலாம். கிளையில் காட்டுவது அன்றைய பொது விலைப் பட்டியல். காலையில் போட்ட விலை, சிறு தொகை அனுப்புவோருக்கும் சேர்த்துப் போட்டது. ஐந்து லட்சம், பத்து லட்சம் என்று அனுப்புகிறவர் மேலாளரிடம் "ஸ்பெஷல் ரேட் வாங்கித் தாருங்கள்" என்று கேட்டால், கிளையிலிருந்து தலைமையகத்தின் அன்னியச் செலாவணிப் பிரிவைத் தொடர்புகொண்டு விலையைக் குறைத்து வாங்கித் தர முடியும். டாலருக்கு 50 பைசா குறைந்தாலே 10,000 டாலரில் 5,000 ரூபாய் மிச்சம். கத்தரிக்காய் வாங்கும்போது பேரம் பேசுகிற நாம், ஏ.சி. அறைக்குள் போனதும் வாயை மூடிக்கொள்கிறோம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் முயற்சியால் 2019 ஆகஸ்டில் 'எஃப்.எக்ஸ். ரீடெய்ல்' என்ற இணையத் தளம் தொடங்கப்பட்டது. தனிநபர்களும் தங்கள் வங்கி மூலம் இதில் பதிவு செய்து, சந்தை விலையை ஒட்டி டாலர் வாங்கலாம். வங்கியின் கட்டணம் விலையோடு கலக்காமல் தனியாகத் தெரியும். இப்படி ஒன்று இருப்பதைக் கிளைகளில் யாரும் வலியச் சொல்வதில்லை. நாமாகத்தான் கேட்க வேண்டும்.

"நான் முழுசாகத்தான் அனுப்பினேன், முழுசாகப் போயிருக்கும்"

ஸ்விஃப்ட் மூலம் பணம் போகிறது என்கிறோம். உண்மையில் ஸ்விஃப்ட் என்பது வங்கிகளுக்கு இடையே தகவல் அனுப்பும் வலையமைப்பு மட்டுமே. உங்கள் வங்கிக்கும் பல்கலைக்கழகத்தின் வங்கிக்கும் நேரடிக் கணக்கு இல்லாவிட்டால், நடுவில் ஒன்றிரண்டு வங்கிகள் வழியாகத்தான் பணம் போகும். அவை தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளலாம்.

அனுப்பும் படிவத்தில் வெளிநாட்டு வங்கிக் கட்டணம் யாருடையது என்று கேட்கும் சிறிய கட்டங்கள் இருக்கும். ஓ.யு.ஆர். என்றால் எல்லாக் கட்டணமும் உங்களுடையது. எஸ்.எச்.ஏ. என்றால் இங்கே ஆவது உங்களுக்கு, அங்கே ஆவது பெறுகிறவருக்கு. பி.இ.என். என்றால் எல்லாமே பெறுகிறவர் தலையில். பலரும் இந்தக் கட்டங்களைப் பார்க்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். பிறகு கல்லூரியின் இணையப் பக்கத்தில் 20 டாலர் பாக்கி என்று காட்டும். அந்த 20 டாலரை அனுப்ப இன்னொரு முறை கட்டணம். ஜெர்மனி மாணவர் விசாவுக்கான முடக்கக் கணக்கில் (பிளாக்டு அக்கவுன்ட்) ஓராண்டுக்கு 11,904 யூரோ இருக்க வேண்டும் என்பது 2024 செப்டம்பரில் வந்த விதி. அதில் சில யூரோ குறைந்தால்கூடத் தலைவலிதான். கல்லூரிக் கட்டணத்துக்கும் விசாத் தொகைக்கும் ஓ.யு.ஆர். கட்டத்தையே குறியுங்கள்.

"டி.சி.எஸ். பிடித்தது போனதுதான்"

போகவில்லை. டி.சி.எஸ். என்பது வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது வங்கி பிடித்துக்கொள்ளும் வருமான வரிக்கான முன்பணம். உங்கள் பான் எண்ணில் பதிவாகியிருக்கும். கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். வரியே இல்லையென்றால் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். சம்பளக்காரர்கள் அதற்கான படிவத்தை அலுவலகத்தில் கொடுத்தால், மாதச் சம்பளத்தில் பிடிக்கும் வரியிலேயே சரிசெய்துவிடுவார்கள்.

2025 ஏப்ரல் 1 முதல், ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் வரை இந்தப் பிடித்தம் கிடையாது. அதற்கு முன் வரம்பு 7 லட்சமாக இருந்தது. 2025-26இல் சொந்தப் பணத்தைக் கல்விக்கு அனுப்பினால் 10 லட்சத்தைத் தாண்டிய பகுதிக்கு மட்டும் 5 சதவீதம். 15 லட்சம் அனுப்பியவருக்கு 25,000 ரூபாய். அங்கீகரிக்கப்பட்ட நிதி நிறுவனத்தின் கல்விக் கடனிலிருந்து போனால் பிடித்தமே இல்லை. விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறக்கூடியது என்பதால், அனுப்பும் ஆண்டில் என்ன விகிதம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு வருத்தம் தருவது ஓய்வுபெற்ற பெற்றோரின் நிலைமை. "எங்களுக்குத்தான் வரியே கிடையாதே" என்று அவர்கள் ரிட்டர்ன் போடாமல் விட்டுவிடுகிறார்கள். போட்டிருந்தால் வந்திருக்க வேண்டிய பணம் அரசாங்கத்திடமே தங்கிவிடுகிறது.

தொகையைப் பிரித்து வேறு வேறு வங்கி வழியாக அனுப்பினால் தப்பிக்கலாம் என்பதும் தவறு. வரம்பு வங்கிக்கு இல்லை, அனுப்புகிற ஆளுக்கு. எல்லா வங்கியிலும் அனுப்பியதைக் கூட்டித்தான் பார்ப்பார்கள். பிரித்தால் கட்டணம்தான் பல மடங்காகும்.

சிங்கப்பூருக்குச் சிறு தொகை அனுப்புவோருக்கு ஒரு வார்த்தை. 2023 பிப்ரவரி 21 முதல் நம் யு.பி.ஐ.யும் அங்குள்ள பேநவ் பணப் பரிமாற்ற முறையும் இணைக்கப்பட்டிருக்கின்றன. வீட்டுச் செலவுக்கு அனுப்ப, உங்கள் வங்கி அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

"இங்கே ரூபாயைக் கொடு, அங்கே என் தம்பி பவுண்டாகக் கொடுத்துவிடுவான்"

தெரிந்தவர்களுக்குள் இது சர்வசாதாரணமாக நடக்கிறது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, கட்டணமும் இல்லை, விலையும் நல்ல விலை. ஆனால் இது அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்துக்கு விரோதம். அங்கே கிடைக்கப்போகும் பணத்துக்கு ஈடாக இங்கே ரூபாய் கைமாறுவதைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு தடுக்கிறது. மீறினால் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். விசா நீட்டிப்பின்போது பணம் எங்கிருந்து வந்தது என்று பிள்ளையிடம் கேட்டால் காட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. நடுவில் ஒருவர் கைவிரித்தால் புகார் கொடுக்கவும் வழியில்லை. ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்ப ரிசர்வ் வங்கியே அனுமதிக்கும்போது, ஒளிந்து அனுப்ப வேண்டிய தேவை என்ன?

அடுத்த முறை பணம் அனுப்பும் முன், ஒரே நாளில், ஒரே நேரத்தில், குறைந்தது மூன்று இடங்களில் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "அங்கே 10,000 டாலர் குறையாமல் போய்ச் சேர, டி.சி.எஸ். நீங்கலாக, என் கணக்கிலிருந்து மொத்தம் எத்தனை ரூபாய் எடுப்பீர்கள்?" பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். யார் குறைந்த தொகையைச் சொல்கிறார்களோ, அவர்களிடம் அனுப்புங்கள்.