சுருதிப்பெட்டிக்குள் மல்லுக்கட்டு

கேள்வி: சி.டி. 40106 ஐ.சி. ஒன்றில், 9 வோல்ட் பேட்டரியில், கீழ் ஸட்ஜம், பஞ்சமம், மேல் ஸட்ஜம் பேசும் சுருதிப்பெட்டி செய்தேன். மூன்று அவுட்புட்டையும் சேர்த்து முறுக்கி ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுத்தால் ஒலி கரகரக்கிறது, ஐ.சி. சூடாகிறது, பேட்டரி சீக்கிரம் தீர்கிறது. கோயில் மைக் செட்காரர் மிக்ஸரில் செருகியதும் ஐ.சி. செத்தே போனது. போலிச் சரக்கா?

- வாசகர், இலஞ்சி

பதில்: கடைக்காரர் மேல் பழி போடாதீர்கள். எச்.ஏ.எல். பொறியாளராக இருந்த குழல் கலைஞர் ஜி. ராஜ் நாராயண் எழுபதுகளின் இறுதியில் தொடங்கிய மின்னணுச் சுருதிப்பெட்டி வேலையை நீங்கள் வீட்டு மேசையில் செய்திருக்கிறீர்கள். குறை அந்த முறுக்கில்தான்.

லாஜிக் அவுட்புட் ஒன்று 9 வோல்ட்டுக்கு ஏறியிருக்கும், அல்லது கிரவுண்டில் கிடக்கும். ஸட்ஜம் ஏறியிருக்கையில் பஞ்சமம் இறங்கியிருந்தால் இரண்டும் கயிறு இழுக்கும். 2:3 விகிதத்தில் ஓடும் சதுர அலைகளுக்கு இது சரிபாதி நேரம் நடக்கும். பேட்டரி அங்கேதான் கரைகிறது. இன்புட்டையும் சேர்த்துக் கட்டிய இன்வெர்ட்டர்களானால் அவுட்புட்டை இணைக்கலாம். தனித்தனி சுரங்களை ஒருபோதும் இணைக்கக் கூடாது.

ஒவ்வொரு அவுட்புட்டிலும் 100 கே ரெசிஸ்டர் போட்டு, மறுமுனைகளைச் சேருங்கள். சேரும் இடத்திலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 4.7 கே. இழுபறி மின்னோட்டம் 0.1 மில்லி ஆம்பியருக்குள் அடங்கும். மிக்ஸருக்குப் போவதும் சுமார் 1 வோல்ட்தான். ஜாக்கைச் செருகும்போது நுனி கிரவுண்டில் உரசினாலும் கவலையில்லை. இத்தனைக்கும் செலவு நான்கு ரெசிஸ்டர்!

மிக்ஸரில் செத்ததற்குக் காரணம் ஃபேண்டம் பவராக இருக்கலாம். கண்டென்சர் மைக்குக்காக இன்புட்டிலேயே 48 வோல்ட் வரும். 9 வோல்ட்டில் ஓடும் சிப்பின் அவுட்புட் வழியே அது உள்ளே புகுந்தால் 'லேட்ச்-அப்' ஆகி, சிப் பேட்டரியையே ஷார்ட் செய்துகொள்ளும். ஜாக்கிலிருந்து உள்நோக்கி முதலில் 63 வோல்ட் தாங்கும் 1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், பிறகு 1 கே, அதன்பின் இரண்டு 1என்4148 டையோடுகள்: ஒன்று ப்ளஸ்ஸை நோக்கி, இன்னொன்று கிரவுண்டிலிருந்து. அப்படியும் செருகுமுன் ஃபேண்டமை அணைக்கச் சொல்லிவிடுங்கள்.

ஐ.சி.யில் மிச்சமுள்ள மூன்று இன்வெர்ட்டர்களின் இன்புட்டைக் கிரவுண்டில் கட்டுங்கள். அந்தரத்தில் தொங்கினால் அவை தாமாகக் கத்தும். சாரல் மாதங்களில் சுருதி நழுவினால் ஐ.சி.யைச் சந்தேகிக்காமல், போர்டில் ஒட்டியிருக்கும் ஃப்ளக்ஸை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். ஈரம் ஏறிய ஃப்ளக்ஸே ஒரு ரெசிஸ்டர்.