பப்பாளி மாவுப்பூச்சி: அடையாளமும் கட்டுப்பாடும்

தோட்டச் செடிகளின் சாற்றை உறிஞ்சி வாழும் சிறு பூச்சிகளுள் மாவுப்பூச்சி குறிப்பிடத்தக்கது. மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி, நம் நாட்டில் 2008-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. பின்னர் கர்நாடகம், கேரளம், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களிலும் பரவியது. பப்பாளி மட்டுமன்றி மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி, கத்தரி ஆகியவையும் இதன் தாக்குதலுக்கு உள்ளாயின.

அடையாளம்: பெண் பூச்சியின் மஞ்சள் நிற உடல்மீது வெண்ணிற மெழுகுத்தூள் படிந்திருக்கும். ஆல்கஹாலில் இட்டால் உடல் நீலங்கலந்த கறுப்பாக மாறும். தாக்குண்ட இலைகள் சுருண்டு மஞ்சளாகும். பூச்சி வெளியிடும் இனிப்பு நீரில் கரும்பூஞ்சை படர்வதால் ஒளிச்சேர்க்கை குன்றும். அந்நீரை நாடிவரும் எறும்புகள், பூச்சியை அதன் பகைவரிடமிருந்து காக்கின்றன.

கட்டுப்பாடு: மெழுகுப் பூச்சு மருந்தை எளிதில் உட்புக விடுவதில்லை, கடும் மருந்துகளோ நன்மை செய்யும் பூச்சிகளையும் அழித்துவிடுகின்றன. ஆகவே, 2010-இல் ‘அசெரோபாகஸ் பப்பாயே’ என்னும் ஒட்டுண்ணிக் குளவி போர்ட்டோ ரிக்கோவிலிருந்து பெங்களூருக்குத் தருவிக்கப்பட்டு, பெருக்கி வெளியிடப்பட்டது. இக்குளவி மாவுப்பூச்சியின் உடலினுள் முட்டையிடும். பொரித்த புழு அதனை உள்ளிருந்தே உண்டழிக்கும். குளவி நிலைபெற்ற பகுதிகளில் சில மாதங்களிலேயே தாக்குதல் பெரிதும் தணிந்தது.

வீட்டுத் தோட்டத்தில் தாக்குண்ட கிளைகளைத் தொடக்கத்திலேயே வெட்டி எரித்தல், எறும்புப் புற்றுகளை அகற்றுதல், சோப்புக் கரைசலுடன் வேப்பெண்ணெய் தெளித்தல் ஆகியவை போதுமானவை. குளவிகள் தென்படும்போது இரசாயன மருந்தைத் தவிர்த்தல் வேண்டும். மாவட்டம் விட்டு மாவட்டம் செல்லும் நாற்றுகளையும் கன்றுகளையும் சோதித்தனுப்புவது அலுவலர்களின் முதற்கடமையாகும்.